புது லேப்டாப்பில் சுர்ரென்று ஒரு கூச்சம்

கேள்வி: புது வடிவத்தில் வந்த லேப்டாப் வாங்கினேன். சார்ஜ் ஏறும்போது உலோக உடலைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது. மூடிப் பையில் வைத்து ஏற்காடு போய்ச் சேர்ந்தால் சூடாக இருக்கிறது, சார்ஜும் குறைகிறது. பழைய பென்டிரைவ் சொருகவும் இடமில்லை. பழுதா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: பெரும்பாலும் பழுது இல்லை. சார்ஜருக்குள் மின் இரைச்சலை அடக்க ஒரு சிறு கெப்பாசிட்டர் இருக்கும், அதன் வழியே மிக மிகக் குறைந்த மின்சாரம் கசியும், இரண்டு முள் பிளக்கில் எர்த் கிடையாது என்பதால் அது உலோக உடலில் தங்கி நீங்கள் தொடும்போது உங்கள் வழியாகத் தரைக்குப் போகிறது. சார்ஜருக்கு மூன்று முள் ஒயர் கிடைத்தால் அதையே போடுங்கள். ஆனால் வீட்டில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், பல பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டைதான். சுர்ரென்பதைத் தாண்டி ஷாக் அடித்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு சர்வீசுக்குக் கொண்டுபோங்கள்.

பையில் சூடாவதற்குக் காரணம் ஸ்லீப், அதாவது மூடியதும் முழுதாக அணையாமல் தூங்கும் நிலை. இப்போதைய விண்டோஸ் லேப்டாப்கள் பலவும் மூடிய பிறகும் பின்னணியில் இணையத்தோடு பேசிக்கொண்டே இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் நேரம் முழுக்க, காற்றே இல்லாத பைக்குள் அது வேக வேண்டாம், ஷட்டவுன் செய்யுங்கள், இல்லையென்றால் ஹைபர்னேட், அதாவது திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டு அணையும் நிலை.

அப்புறம் பென்டிரைவுக்கு டைப்-சி அடாப்டர் போதும். டிவியில் இணைக்க வேண்டுமானால் முதலில் மாடல் விவரத்தைப் பாருங்கள், எல்லா டைப்-சி ஓட்டையும் படம் அனுப்பாது.