மாத்திரை போட்டு எத்தனை நிமிடம் கழித்து? பார்க்கின்சன் கேள்வி பதில்

நான் டாக்டர் இல்லை, ஓய்வு பெற்ற பார்மசிஸ்ட். கணவருக்குப் பார்க்கின்சன் வந்து 11 வருடம் ஆகிறது. மாத்திரை அளவை மாற்றுவது டாக்டர் வேலை. அவரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதில் நான் உதவலாம்.

அக்கா, அப்பாவுக்கு லெவோடோபா-கார்பிடோபா தொடங்கி ஒரு வாரம். போட்டாலே குமட்டல். வெறும் வயிற்றில்தான் தரவேண்டுமா?

இப்போதைக்கு இரண்டு பிஸ்கட்டோடு கொடுங்கள். பார்க்கின்சனுக்கு முக்கிய மருந்து லெவோடோபா. அதை உடம்பில் சேரவிடாமல் மல்லுக்கு நிற்பது புரதம்தான். பிஸ்கட் அவ்வளவு இடைஞ்சல் செய்யாது. பலருக்குச் சில வாரங்களில் குமட்டல் அடங்கிவிடும். அடங்காவிட்டால் டாக்டர் குமட்டலைக் குறைக்கும் கார்பிடோபாவைக் கூட்டிப் பார்ப்பார், அல்லது வாந்தி மருந்தான டோம்பெரிடோன் தருவார். அப்பாவுக்கு இதயக் கோளாறு இருந்தால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். வாந்திக்கு வேறு யாராவது மெட்டோகுளோப்ரமைடு எழுதினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது மூளைக்குள் போய், உடம்பை அசைய வைக்கும் டோபமின் என்ற ரசாயனத்தையே தடுக்கும். வாந்தி நிற்கும், கூடவே நடையும் நிற்கும்.

மேடம், நேற்றிலிருந்து சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது!

லெவோடோபா கூடுதல் நேரம் வேலை செய்யத் தரும் எண்டகபோன் மாத்திரையைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்களா? அப்படியானால் அதன் நிறம்தான், பயம் வேண்டாம்.

எனக்கு 62 வயது. நடுக்கம் குறைந்துவிட்டது, ஆனால் உடம்பு தானாக நெளிகிறது. மருந்து கூடிவிட்டதா, போதவில்லையா?

எப்போது நெளிகிறது என்று தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது, ஐயா. ஒரு நோட்டு போடுங்கள். என் கணவரின் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது: 8.00 மாத்திரை. 8.50 வலது கால் கட்டைவிரல் செருப்புக்குள் நெளிகிறது. 9.40 நின்றது. 11.15 சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. டாக்டர் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தார், எங்கள் முகத்தைக்கூட அப்புறம்தான். மருந்து உச்சத்துக்குப் போகும்போது நெளிவு, இறங்கும்போது இறுக்கம். அதனால் ஒவ்வொரு வேளையும் அளவைக் குறைத்து, வேளைகளைக் கூட்டினார். பிறகு அமண்டடின் சேர்த்தார். கணுக்கால் லேசாக வீங்கியது, ஆனால் நெளிவு பாதியாகிவிட்டது. விடிகாலையில் மாத்திரைக்கு முன்பே பாதம் முறுக்கிக்கொள்வது வேறு கதை. அது பெரும்பாலும் மருந்து தீர்ந்துபோனதால் வருவது.

எழுந்தால் கண் இருட்டுகிறது. கிளினிக்கில் பிரஷர் நார்மல் என்கிறார்கள்.

உட்கார வைத்துப் பார்த்திருப்பார்கள். வீட்டில் படுத்தபடி ஒரு முறை, எழுந்து நின்று 3 நிமிடத்தில் ஒரு முறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். ஏற்கனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

அம்மா இரவில் அறையில் குழந்தைகள் நிற்பதாகச் சொல்கிறார்.

அம்மாவோடு வாதாட வேண்டாம், விளக்கைப் போடுங்கள். திடீரென்று வந்ததா? முதலில் சிறுநீர்த் தொற்றும் நீர்ச்சத்துக் குறைவும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மருந்துகளில் டாக்டர்கள் வழக்கமாக முதலில் குறைப்பது நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிபெனிடில், நெளிவுக்குத் தரும் அமண்டடின் போன்றவற்றை. மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் கூடாது, உடம்பைக் கட்டையாக்கிவிடும். தேவைப்பட்டால் குவெட்டியாபின் அல்லது குளோசபின் தருவார்கள்.

அக்கா, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இவர் ராத்திரி முழுக்க ஆன்லைனில் சூதாடுகிறார். முன்பு சீட்டைத் தொட்டதே இல்லை.

டோபமின் போல வேலை செய்யும் பிரமிபெக்சோல் அல்லது ரோபினிரோல் மாத்திரை சாப்பிடுகிறாரா? இவற்றால் சூதாட்டம், கண்மூடித்தனமாகப் பொருள் வாங்குவது, அடங்காத பாலுணர்வு எல்லாம் வரலாம். அவர் குணம் கெட்டுவிடவில்லை. ஆனால் கோபத்தில் மாத்திரையை ஒளித்து வைத்துவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு என்று படுத்தி எடுக்கும். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினாலோ கடுங்காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நாளைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், படிப்படியாகக் குறைப்பார். அதுவரை வங்கி அட்டை உங்களிடம் இருக்கட்டும். எந்த மாதம் மாத்திரை ஆரம்பித்தது, எந்த மாதம் சூதாட்டம் ஆரம்பித்தது, இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள்.