டைனரில் என்ன சாப்பிடுவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

டைனர் என்கிற அமெரிக்காவின் எளிய சாப்பாட்டுக்கடைகளைப் பற்றி நீங்கள் சிலாகித்து எழுதியதை நம்பி, போன வாரம் குடும்பத்தோடு மன்ஹாட்டனில் ஒன்றுக்குப் போனோம். சிவப்பு இருக்கைகள், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ், சுவரெல்லாம் ஐம்பதுகளின் விளம்பரங்கள். மீட்லோஃப், மசித்த உருளைக்கிழங்கு, கிரேவி வாங்கினோம். ஒரு தட்டு 26 டாலர். உப்பு இல்லை, உறைப்பு இல்லை. இதற்கா நியூயார்க்காரர்கள் இப்படி உருகுகிறார்கள்?

எஸ்., ஜெர்சி சிட்டி

அன்புள்ள எஸ்.,

விலையைப் படித்ததும் எனக்கும் வயிறு எரிந்தது. மீட்லோஃப் கையில் காசில்லாத காலத்துச் சாப்பாடு. 1930களின் பொருளாதார மந்தநிலையில், இருக்கிற கொஞ்சம் கொத்துக்கறியோடு ரொட்டித்தூளும் முட்டையும் பிசைந்து, வீட்டில் எல்லோருக்கும் வருகிற மாதிரி ஆக்கினார்கள். உறைப்பு அதில் எந்தக் காலத்திலும் கிடையாது. அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அம்மாவை நினைத்துக்கொண்டு கேட்டு வாங்குகிறார்கள். உங்களுக்கும் எனக்கும் அந்த அம்மா இல்லை. நான் டைனரில் மீட்லோஃப் கேட்பதில்லை.

ஜூக்பாக்ஸும் பழைய விளம்பரமும் சேர்ந்து கண்ணில் பட்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். ஏக்கத்தையே விற்கிற கடையாக இருக்கலாம். டைனர் பிறந்தது பசிக்காக. 1872இல் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்தில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரைவண்டியில் சாண்ட்விச்சும், ‘பை’ (pie) என்கிற மாவுப் பண்டமும், காபியும் வைத்துக்கொண்டு, ராத்திரி வேலை பார்க்கும் பத்திரிகை அலுவலகத்து ஆட்களுக்கு விற்றார். மற்ற கடைகள் மூடியபிறகு அவர் வியாபாரம். அப்புறம் அந்த வண்டிகள் ஓரிடத்தில் நின்றன, நீண்டன, ரயில்பெட்டி வடிவத்துக்கு வந்தன. தொழிற்சாலையில் முழுதாகச் செய்து, இழுத்துக்கொண்டு வந்து இறக்கினார்கள். அந்தத் தொழிற்சாலைகளில் பல உங்கள் நியூ ஜெர்சியில்தான் இருந்தன. டோனெல் அவென்யூவில் இருக்கும் வட்டமான ஒயிட் மானாவைப் பார்த்திருப்பீர்கள். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்த டைனர் அது. கண்காட்சி முடிந்து சில வருடங்களில் உங்கள் ஊருக்கு வந்தது.

சரி, என்ன சாப்பிடுவது? கவுண்டரில் உட்காருங்கள். எதிரே தோசைக்கல்லை நீளமாக இழுத்துவிட்ட மாதிரி ஒரு இரும்புக்கல் இருக்கும். முட்டை, உருளைக்கிழங்கு, பான்கேக், பர்கர் எல்லாம் அதில்தான். பத்துப் பக்க மெனுவைப் பார்த்து மலைக்க வேண்டாம், அந்தக் கல்லிலிருந்து நேராக உங்கள் தட்டுக்கு வருவதை மட்டும் கேளுங்கள். விளிம்பு முறுகிய ஹேஷ் பிரவுன் என்கிற உருளைக்கிழங்கு வறுவல், இரண்டு முட்டை, ரை ரொட்டி டோஸ்ட். மதியம் மூன்று மணிக்கும் காலைச் சாப்பாடு கேட்கலாம், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். உறைப்புக்கு மேசையிலேயே ஹாட் சாஸ் இருக்கும். காபி சுமார்தான், ஆனால் கேட்காமலே ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. அமெரிக்கர்களின் அம்மா சமையல் என்று பேர் வாங்கிய இதை நியூயார்க்கில் பல காலம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் கிரேக்கத்திலிருந்து வந்தவர்கள். மெனுவில் பான்கேக்குக்குப் பக்கத்தில் கிரேக்கர்களின் கத்திரிக்காய்-கறிப் பண்டமான மூசாகா நிற்பது அதனால்தான். ஊரெங்கும் கண்ட அந்த நீலமும் வெள்ளையுமான காகிதக் காபிக் கோப்பையும், அதன் கிரேக்க ஜாடிப் படமும் இந்தக் கிரேக்கக் கடைக்காரர்களைக் கவரத்தான். 1963இல் அதை வரைந்த லெஸ்லி பக் கிரேக்கர் இல்லை, ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து பிழைத்து வந்த செக்கோஸ்லோவாகிய யூதர். இன்று பல டைனர்களில் கல்லுக்கு முன்னால் நிற்பவர் மெக்சிகோக்காரர். ஆகவே அந்தக் கவுண்டரில் நமக்கு இடமில்லை என்று கூச வேண்டாம்.

மன்ஹாட்டனில் பழையதுதான் வேண்டுமென்றால் 83ஆம் தெருவில் லெக்சிங்டன் கேண்டி ஷாப் என்கிற சாப்பாட்டுக்கடை இருக்கிறது, 1925இல் தொடங்கியது. கோக்கைக்கூட சிரப்பில் சோடா ஊற்றிக் கலந்துதான் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு எக் கிரீம் வாங்கிக் கொடுங்கள். பால், சோடா, சாக்லேட் சிரப், அவ்வளவுதான். பேரில் இருக்கும் முட்டையும் கிரீமும் அதில் இல்லை. அங்கேயும் மலிவாக இருக்காது, மன்ஹாட்டன் வாடகை அப்படி. பல டைனர்களை மூடவைத்ததும் அந்த வாடகைதான்.