எரிமலைப் பகுதியில் ஆழமாகத் துளையிட்டால், எரிமலைக் குழம்பு துளை வழியே பீறிட்டு வெளியே வந்துவிடாதா?

பெரும்பாலும் வராது. வந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தக் கதை கடைசியில்.

ஐஸ்லாந்தின் கிராப்லா எரிமலையில் 2009-இல் ஆராய்ச்சிக்காக ஒரு கிணறு தோண்டினார்கள். நாலரை கிலோமீட்டர் இறங்குவது திட்டம். 2,100 மீட்டரிலேயே பாறையைக் குடையும் முனை (பிட்) சிக்கிக்கொண்டது. மேலே வந்த கல்துகளில் கண்ணாடிச் சில்லுகள் கிடந்தன. யாரும் எதிர்பாராத ஆழத்தில், சுமார் 900 டிகிரிக் குழம்புக்குள்ளேயே போய் இறங்கியிருந்தார்கள்! துளைக்குள் சில மீட்டர் ஏறிய குழம்பு, மேலிருந்து இறைத்த குளிர்நீர் பட்டதும் கண்ணாடியாக உறைந்து நின்றுவிட்டது. அது ரயோலைட் வகை. தேனைவிடப் பல மடங்கு கெட்டி, லேசில் ஓடாது.

நான் எண்ணெய்க் கிணறுகளில் துளையிடும் சேற்றை, அதாவது துளைக்குள் இறைத்துக் கல்துகளை மேலே கொண்டுவரும் திரவத்தை, கவனிக்கும் வேலையில் இருந்தவன். என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது குழம்புக்கு அல்ல, கிணற்றுச் சுவராக இறக்கும் எஃகுக் குழாய்க்கு. 2 கிலோமீட்டர் எஃகுக் குழாயை 400 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் கிட்டத்தட்ட 10 மீட்டர் நீளப் பார்க்கும். ஆனால் சுற்றிலும் சிமென்ட் இறுகப் பிடித்திருக்கிறது, நீள இடமில்லை. சூடேறும்போது தனக்குள்ளேயே நசுங்கும். பிறகு குளிரவைத்தால் இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும்.

கிராப்லா கிணறும் இப்படித்தான் போனது. குழம்பைத் தொட்ட பிறகும் அதை மூடாமல் நீராவி எடுத்துப் பார்த்தார்கள். 450 டிகிரி வரை வந்தது. அந்த ஒரே கிணறு 30 மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் தரும் என்று கணக்கிட்டார்கள். நீராவியோடு ஹைட்ரஜன் குளோரைடும் சிலிக்காத் தூளும் சேர்ந்து வந்தன. ஹைட்ரஜன் குளோரைடு ஆவியாக இருக்கும்வரை சாது. குளிர்ந்து நீராகிவிட்டால் எஃகைத் தின்னும் அமிலம். 2012-இல் வால்வுகள் பழுதாக, குளிர்நீரை இறக்கிக் கிணற்றை அடக்கினார்கள். அதில் உட்குழாய் சிதைந்தது.

ஐஸ்லாந்திலேயே ரெய்க்யானெஸ் என்ற இடத்தில் தோண்டிய அடுத்த கிணறு 2017 ஜனவரியில் 4,659 மீட்டரைத் தொட்டது. அங்கே வேறு தலைவலி. 3 கிலோமீட்டருக்குக் கீழே, இறைத்த நீரையெல்லாம் பாறை விரிசல்களே குடித்துவிட்டன. கல்துகள் மேலே வரவில்லை. என் போன்றவர்களுக்கு அது கண்ணைக் கட்டிக்கொண்டு தோண்டுவது மாதிரி.

இனி அந்தக் கதை. 1977 செப்டம்பரில், கிராப்லாவுக்குத் தெற்கே ஒரு நீராவிக் கிணறு உண்மையிலேயே குழம்பைக் கக்கியது. சில டன் நுரைக்கல்லோடு ஓய்ந்தது. அப்போது எரிமலையே வெடித்துக்கொண்டிருந்த காலம். நிலத்தடியில் பக்கவாட்டில் ஓடிய பசால்ட் குழம்பு (ரயோலைட்டைவிட எளிதில் ஓடும் வகை) வழியில் இந்தத் துளையைக் கண்டு ஏறிக்கொண்டது. துளையிட்டதால் வந்த குழம்பு அல்ல அது. கிணறு முன்பே அங்கே இருந்தது, குழம்புதான் அதைத் தேடி வந்தது.