பதில்: போர்க்காலக் கப்பல் நூலை எந்த எண்ணில் வைப்பது?

வணக்கம். உங்கள் நூலக நூல்களுக்கு நிலவியல் 550, நகரத் திட்டமிடல் 711 என்று டியூவி எண் (நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண்) போட்டுவிட்டீர்கள், சரி. இரண்டாம் உலகப் போர்க்கால வணிகக் கப்பல் பற்றிய ஆய்வு நூலுக்கு நீர்வழிப் போக்குவரத்துக்கான 387-ஆ, ஐரோப்பிய வரலாற்றுக்கான 940-ஆ என்பதுதானே சிக்கல்? தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முன்னுரையையும் பொருளடக்கத்தையும் புரட்டுங்கள். கப்பல் போக்குவரத்தே மையம், போர் வெறும் பின்னணி என்றால் 387. நீர்மூழ்கித் தாக்குதல், காவல் கப்பல் அணி என்று போரே பேசப்பட்டால் 940-க்குள் அந்தப் போரின் கடற்போருக்கான 940.545. மற்றதைப் பட்டியல் பதிவில் பொருள் தலைப்பாக (நூல் எதைப் பற்றியது என்று காட்டும் சொல்லாக) சேர்த்துவிட்டால் தேடுபவருக்கு இரண்டு வழியிலும் கிடைக்கும்.

நகரத் திட்டமிடலுக்கு நிலவியலைப் பயன்படுத்தும் நூல் 550-க்குப் போகாது, 711-தான். ஒரு துறை இன்னொன்றின் மேல் வேலை செய்தால், தாக்கம் பெறும் துறையோடு வைப்பதே டியூவி விதி.

அப்புறம், நிலவியல் நூல்களின் பின்னட்டை உறைக்குள் கைவிட்டுப் பாருங்கள். மடித்த வரைபடம் இருந்தால் எத்தனை தாள் என்று மார்க் (கணினி நூற்பட்டியல் வடிவம்) பதிவில் நூலின் பக்கம், அளவு எழுதும் 300 என்ற புலத்தில் கட்டாயம் எழுதுங்கள். நான் ஒருமுறை எழுதாமல் விட்டேன். இரவல் போன புத்தகம் திரும்பியது, வரைபடம் திரும்பவில்லை. கேட்கவும் வாயில்லை. நூல் ஒரு வெளியீட்டுத் தொடரில் வந்திருந்தால், அத்தொடரில் அதன் எண்ணை மார்க் 490 புலத்தில் போடுங்கள். நிலவியல் அறிக்கைகளைப் பலர் அந்த எண்ணை வைத்துத்தான் கேட்கிறார்கள்.