இந்தியக் கடற்படையின் போர்க்கப்பல் கமோர்ட்டா 2010-லேயே தண்ணீரில் இறங்கிவிட்டதே, கடற்படையில் சேர 2014 வரை ஏன் ஆனது?

தண்ணீரில் இறக்கியதும் கப்பல் முடிந்துவிட்டது என்று நினைப்பதால் வரும் சந்தேகம் இது. கொல்கத்தாவின் ஜிஆர்எஸ்இ கப்பல் கட்டும் தளத்தில் கமோர்ட்டாவுக்குக் கீல், அதாவது கப்பலின் முதுகெலும்பு, போட்டது 2006 நவம்பரில், இறக்கியது 2010 ஏப்ரல் 19-இல். அன்று ஆற்றில் மிதந்ததில் பெரும்பகுதி இரும்புக்கூடுதான். கூடு மிதக்கும் நிலைக்கு வந்ததும் இறக்கிவிடுவார்கள், அடுத்த கப்பலுக்கு அந்த இடம் வேண்டுமே.

நான் சில வருடம் ஒரு தளத்தில் கேபிள் வேலை பார்த்தேன். போர்க்கப்பல் இல்லை, சரக்குக் கப்பல்தான், ஆனாலும் வலி ஒன்றுதான். கேபிள் ஒவ்வொரு தடுப்புச் சுவரையும் தாண்டும் இடத்தில் ஓட்டை, அந்த ஓட்டையைத் தண்ணீர் புகாமல் அடைக்க வேண்டும், அப்புறம் அறையை மூடி உள்ளே காற்றை ஏற்றி, வெளியே பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார்கள். நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இடத்தில் ஒருநாள் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு குமிழி வந்தது. யாரோ கடைசியில் ஒரு கேபிளைச் சேர்த்து இழுத்திருக்கிறார்கள். அடைப்பு முழுவதையும் பிரித்து மறுபடி போட்டோம், இரண்டு நாள் போச்சு.

கமோர்ட்டா மாதிரி கார்வெட்டில், அதாவது சிறிய போர்க்கப்பலில், இது இன்னும் நெருக்கடி. 109 மீட்டர் நீளத்துக்குள் நான்கு டீசல் இன்ஜின், 76 மி.மீ. பீரங்கி, டார்பிடோ குழாய்கள், ஹெலிகாப்டர் தளம், இதற்கு நடுவே ஆட்கள் தூங்கவும் வேண்டும். அதோடு கமோர்ட்டா நீர்மூழ்கியைத் தேடும் கப்பல். தன் சத்தம் கடலுக்குள் போனால் நீர்மூழ்கி உஷாராகிவிடும், ஒலியை வைத்து நீருக்கடியில் தேடும் தன் சோனாருக்கும் காது அடைத்துவிடும். அதனால் இயந்திரங்களை அதிர்வு தாங்கும் மெத்தைகள் மேல் உட்கார வைத்து, அவற்றோடு சேரும் குழாய்களையும் நெகிழ்வாக இணைப்பார்கள். எங்காவது ஒரு இரும்புக் கிளாம்ப் இயந்திரத்துக்கும் கப்பலின் உடம்புக்கும் நடுவில் உரசிக்கொண்டு நின்றால் போதும், சத்தம் அந்த வழியே இறங்கிவிடும். அந்த ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சாய்வுச் சோதனை. காற்று இல்லாத நாளாகப் பார்த்து, கட்டிய கயிறுகளைத் தளர்த்தி, தேவையில்லாத ஆட்களை இறக்கிவிட்டு, எடை தெரிந்த பாரங்களை டெக்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துவார்கள். உள்ளே நீளக் கம்பியில் ஒரு குண்டு தொங்கும், ஆடாமல் நிற்க அதை எண்ணெய்த் தொட்டியில் முக்கியிருப்பார்கள். அது எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்பதை வைத்துக் கப்பலின் ஈர்ப்பு மையம் எங்கே என்று கணக்குப் போடுவார்கள். மேலே கனம் கூடினால் கப்பல் அலையில் நிமிர அடம்பிடிக்கும். இதே வரிசையில் மூன்றாவதான கில்தானுக்கு மேல்கட்டுமானத்தைக் கார்பன் ஃபைபர் கலவையில் செய்ததில் மேலே இருக்கும் கனம் குறைந்தது.

இதெல்லாம் தாண்டித் துறைமுகச் சோதனை, அப்புறம் கடல் சோதனை. ஒவ்வொன்றிலும் ஏதாவது கெடும், திரும்பி வந்து சரிசெய்துவிட்டு மறுபடி போக வேண்டும். 2014 ஜூலையில்தான் தளம் கப்பலைக் கடற்படையிடம் கொடுத்தது. ஆகஸ்ட் 23-இல் விசாகப்பட்டினத்தில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் அருண் ஜேட்லி படையில் சேர்த்தார். கேப்டன் ஆணையை வாசிக்க, கொடி ஏறும், அதுவரை தளத்தின் கணக்கில் வெறும் யார்டு எண்ணாக இருந்தது ஐஎன்எஸ், அதாவது இந்தியக் கடற்படைக் கப்பல், ஆகும். அந்தச் சடங்குக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

நான்கு வருடம் அதிகம் என்றுதானே கேட்டீர்கள்? அப்படியும், கப்பலுக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சோனாரும் விமானத்தைத் தாக்கும் ஏவுகணையும் இல்லாமல்தான் கமோர்ட்டா அன்று படையில் சேர்ந்தது.