மகரக்கட்டும் மலைக்குளிரும்

பள்ளிப் பாட்டுக் குழுவில் 5 கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடிய என் 13 வயது மகனுக்குப் பாதிப் பாட்டில் குரல் பிளந்துவிடுகிறது. குளிர்காற்று பட்டதாலா? – ஒரு தாய், கோத்தகிரி

பாவம், குளிரின்மேல் பழி போடாதீர்கள். மகரக்கட்டு உடைகிறது, அதாவது பிள்ளைக்குரல் ஆண்குரலாக மாறுகிறது. குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு சதை மடிப்புகளே குரல்நாண்கள். நுரையீரலிலிருந்து ஏறும் காற்றில் அவை நொடிக்கு எத்தனை முறை திறந்து மூடுகின்றனவோ, அதுவே சுருதி. பேசும்போது பெண்களுக்குச் சுமார் 200 முறை, ஆண்களுக்கு 120 முறை. இந்த வயதில் ஆண் ஹார்மோன் பெருகி, நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வீணையில் தடித்த தந்திதானே தாழ்ந்த மந்தரம் பேசுகிறது? ஆனால் பையனின் தசைகள் பழைய நாண்களை இழுத்தே பழகியவை. புதியவை பிடிபடாமல் வழுக்குகின்றன. எல்லாம் அடங்கும்போது குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ஸட்ஜத்திலிருந்து கீழ் ஸட்ஜம் வரையுள்ள தூரம், இறங்கியிருக்கும். பாடட்டும். பழைய 5 கட்டைக்கு மட்டும் அவனை இழுக்காதீர்கள்.

மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தொண்டையில் என்னதான் நடக்கிறது? – பாட்டு ஆசிரியை, கொடைக்கானல்

குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே விரலை வைத்துத் தடவுங்கள். இரண்டு குருத்தெலும்புகளுக்கு நடுவே சின்னப் பள்ளம் தட்டுப்படும். கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு மெல்ல இழுத்துப் பாடினால் அந்தப் பள்ளம் குறுகும். மேல் குருத்தெலும்பு சாய்ந்து, நாண்களை நீட்டி விறைப்பாக்குகிறது. 1854இல் மானுவல் கார்சியா, அவரும் பாட்டு ஆசிரியர்தான், பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் நீட்டி, வெயில் வெளிச்சத்தில் தன் நாண்களையே பார்த்தார். உங்களுக்கு விரல் போதும்.

மார்கழி பஜனையில் புல்லாங்குழல் சுருதி இறங்குகிறது. குரலும் இறங்குமா? – ஊட்டி வாசகர்

இறங்காது. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் குறைவதால் குழல் இறங்கும். உங்கள் தொண்டைக்குள்ளோ ஊட்டியிலும் ஏறக்குறைய 37 டிகிரிதான். குழல்காரர் முதலில் ஊதிச் சூடேற்றிக்கொள்ளட்டும்.

சளி பிடித்தால் குரல் கரகரத்துத் தடித்துவிடுகிறது. தோட்டத்தில் ஆட்களைக் கூப்பிட்டே ஆக வேண்டும். – மேஸ்திரி, குன்னூர்

வீங்கிய நாண் கனக்கும். கனத்தால் மெதுவாக அதிரும். அதன்மேல் கத்தினால் வீக்கம் கூடும். விசில் வாங்குங்கள். குசுகுசுவென்று பேசுவது ஓய்வு என்று நினைக்க வேண்டாம், அதுவும் சிரமமே. வெறும் வெந்நீர் ஆவி போதும். நம் ஊர்த் தைலத்தைக் கொட்ட வேண்டியதில்லை. கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால், அதுவும் பீடி பிடிப்பவர் என்றால், சளி என்று சொல்லிக்கொண்டிருக்காமல் தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.