கெர்னலைத் திட்டாதீர்கள்

வணக்கம் அண்ணா,

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சீசன் நேரத்தில் கரண்ட் போனால் லேப்டாப்பை ஹைபர்னேட்டில் போட்டுவிடுவேன், ராமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு அணைந்துவிடும். லினக்ஸ்தான். எழுப்பினால் எல்லாம் அப்படியே இருக்கிறது, வைஃபை மட்டும் வருவதில்லை. போன வாரம் ஹைபர்னேட்டில் இருக்கும்போதே விண்டோஸுக்குப் போய், இரண்டுக்கும் பொதுவான டி டிரைவில் ஒரு ஃபைலைத் திருத்தினேன். திரும்ப வந்தால் அந்த ஃபோல்டரே குழம்பிக் கிடக்கிறது. 8 ஜிபி ராமுக்கு ஸ்வாப், அதாவது டிஸ்கில் அந்த நகலை எழுதும் இடம், எவ்வளவு வைக்கலாம்? இதைக்கூடவா லினக்ஸின் மையமான கெர்னலால் ஒழுங்காகச் செய்ய முடியாது?

அன்புள்ள தம்பி,

8 ஜிபி வையுங்கள், போதும். எழுதும் நகலை ராமில் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கத்தான் லினக்ஸ் வழக்கமாகப் பார்க்கும்.

என்னை எழுத உட்கார வைத்தது உங்கள் கடைசி வரிதான். 2012 மின்வெட்டு நாட்களில் தருமபுரியில் ஒரு டிடிபி கடையில் இருந்தேன். யூபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் ஹைபர்னேட். கரண்ட் வந்ததும் பாதி அடித்த கல்யாணப் பத்திரிகை திரையில் வந்துவிடும். 'திருநிறைச்செல்வி'க்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும். பிரிண்டர் மட்டும் வாயே திறக்காது. கேபிளைப் பிடுங்கிச் செருக வேண்டும். முதலாளி கம்ப்யூட்டரைத்தான் திட்டுவார், உங்களைப் போலவே.

ராமில் இருப்பதைச் சேமிப்பது சுலபமான பாதி. கெர்னல் முதலில் புரோகிராம்களை உறைய வைக்கும், பிறகு கருவிகளை நிறுத்தும், அப்புறம் நினைவகத்தை நகலெடுக்கும். அந்த நகலை எழுத வேண்டுமே, அதற்காக நிறுத்திய டிஸ்கை மறுபடி எழுப்பும். எழுதி முடித்த பிறகே மெஷின் அணையும். திரும்பி வருவது இன்னும் விசித்திரம். புதிதாக ஒரு கெர்னல் பூட் ஆகி, ஸ்வாப்பிலிருந்து பழையதைப் படித்து, கருவிகளை அமைதிப்படுத்தி, இடத்தைப் பழையதிடம் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

கண்விழித்த பழைய கெர்னலுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. வைஃபை சிப்புக்கு ஒன்றும் நினைவில்லை. கரண்ட் போனதில் உள்ளே ஏற்றியிருந்த ஃபர்ம்வேரும், அதாவது சிப்புக்குள்ளேயே ஓடும் புரோகிராமும், போயிற்று. அதை மறுபடி ஏற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அந்தச் சிப்பின் டிரைவர், அதாவது அதை இயக்கும் புரோகிராம், செய்ய வேண்டிய வேலை. கெர்னல் பார்ப்பது வரிசையை. தூங்கப் போகும்போது பிள்ளைகள் முதலில், தாய் பிறகு. எழும்போது தாய் முதலில். நம் வீடுகளில் நடப்பதுதான். யூஎஸ்பி ஹப் எழாமல் அதில் செருகிய கருவி எழ முடியாது. முறைப்படி கூப்பிட்டும் டிரைவர் சரியாக எழுந்திருக்காவிட்டால் கெர்னல் என்ன செய்யும்? டிரைவர் எழுதுகிறவர்கள் சிப் ஓடுகிறது, வேகம் வருகிறது என்றதும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். தூங்கி எழுகிறதா என்று பார்ப்பது கடைசியில், அதுவும் மனமிருந்தால். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

டி டிரைவ் விஷயத்தில் கோபம் உங்கள் மேல். உறங்குகிற நகலுக்குள் அந்த டிரைவ் திறந்தபடி இருக்கிறது, பழைய அட்டவணையோடு. நீங்கள் வெளியே மாற்றியது அதற்குத் தெரியாது. எழுந்ததும் பழைய கணக்கை அதன்மேலேயே எழுதும். கணக்கு எழுதுகிறவருக்கு இதை நான் சொல்லவேண்டுமா? நடுவில் டிஸ்கைத் தொடாதே என்று லினக்ஸ் ஆவணத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் இதே வம்புதான்: ஷட்டவுன் என்று நீங்கள் நினைப்பது கெர்னல் அளவில் ஹைபர்னேட். அதை அணைத்துவிடுங்கள். ஹைபர்னேட்டுக்கு முன் டி டிரைவை அன்மவுன்ட் செய்யுங்கள், அதாவது லினக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். சோம்பல் வேண்டாம்.

வைஃபைக்கு ஒரு சோதனை. ஹைபர்னேட்டுக்கு முன் அதன் டிரைவர் மாட்யூலைக் கெர்னலிலிருந்து இறக்கி, எழுந்தபின் ஏற்றிப் பாருங்கள். வேலை செய்தால் சந்தேகம் டிரைவர் மேல்தான். லேப்டாப்பின் நிறம்வரை எழுதியிருந்தீர்கள் (அதை மேலே வெட்டிவிட்டேன்), சிப்பின் பெயரைக் காணோம். அதையும், நடந்ததைக் கெர்னல் குறித்துவைக்கும் லாகையும் அனுப்புங்கள், பார்க்கலாம்.